வயசு வெறும் நம்பரா?

போன வாரம் ஏலகிரி மலையில் சைக்கிள் மிதித்து ஏறிய படம் போட்டிருந்தேன். ‘வயசு வெறும் நம்பர்தான் சார்’, ‘என்றும் பதினாறு’ என்று ஏகப்பட்ட பாராட்டு. அன்புக்கு நன்றி. ஆனால் அந்த ‘வெறும் நம்பர்’ எனக்குக் கோபத்தைத்தான் கிளப்புகிறது.

‘இந்த வயசில் இது தேவையா மாமா?’ என்று மருமகள் கேட்கிறாள். அவளுக்கு என்னிடம் பதில் இருக்கிறது. என் முழங்காலுக்கு ஓட்டம் ஒத்துவராது, சைக்கிள் ஒத்துவருகிறது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு வள்ளலிடம் மூச்சு வாங்க நின்றுவிட்டு அடுத்த வள்ளலை நோக்கி மிதிக்கிற சுகத்தைத் தமிழாசிரியன் எப்படி விடுவான்?

கைதட்டுகிறவர்களுக்குத்தான் பதில் இல்லை. இரண்டு வருஷம் முன்பு இதே கைதட்டலை நம்பி, பையன்களோடு ஒரு மண்பாதையில் இறங்கினேன். வெயிலிலிருந்து மர நிழலுக்குள் நுழைந்ததும் கண்ணுக்கு ஒன்றும் புலப்படவில்லை. வயதான கண் இருட்டுக்குப் பழக நேரமாகும். சரளைக்கல்லைப் பார்த்தபோது பதற்றத்தில் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துவிட்டேன். சக்கரம் வழுக்கியது. காறை எலும்பு முறிந்து ஆறு வாரம் கையைத் தொங்கவிட்டுக் கிடந்தேன். எனக்கு முன்னால் போன பையனும் அதே இடத்தில் தடுமாறினான், சமாளித்துக்கொண்டு போய்விட்டான். வித்தியாசம் அந்த ‘வெறும் நம்பர்’தானே ஐயா!

உடனே பிரான்ஸ் நாட்டு ராபர்ட் மார்ஷானைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். 2012இல், நூறு வயதில், ஒரு மணி நேரத்தில் 24.25 கி.மீ. ஓட்டியவர், 2014இல் 26.927 கி.மீ. ஓட்டினார். நூறைத் தாண்டியும் பயிற்சி பலன் தரும் என்பதற்கு அவர் சாட்சி, மறுக்கவில்லை. ஆனால் அவர் ஓட்டியது உள்ளரங்கத்தில், வழவழப்பான வட்டப் பாதையில். அங்கே சரளையும் இல்லை, எதிரே ஹாரன் அடித்து வரும் பஸ்ஸும் இல்லை.

ஏறும்போது இதயத்தை நினைத்து எல்லோரும் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் நியாயம்தான், டாக்டரைக் கேட்டுவிட்டு ஏறுங்கள். பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ளுங்கள், வெட்கமே வேண்டாம். ஆனால் இறங்கும்போது யாரும் பயப்படுவதில்லையே! சீட்டைத் தாழ்த்தி, உடம்பைப் பின்னால் தள்ளி, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். இரண்டு பிரேக்கையும் மெதுவாகப் பிடிக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் தலையில் அடிபட்டால் சின்ன அடிகூடப் பெரிதாகலாம். அப்படிப்பட்டவரே தொப்பி போட்டுக்கொண்டு மலையிறங்குவதைப் பார்த்திருக்கிறேன். கேட்டால், ‘மெதுவாத்தானே போறேன் சார்.’

இன்னொன்று, சைக்கிள் மிதிப்பதால் மட்டும் எலும்பு பலமாகிவிடாது. நடக்கவும் வேண்டும், கொஞ்சம் எடையும் தூக்க வேண்டும். காறை எலும்பு கற்றுக்கொடுத்த பாடம்.

ஞாயிறு காலை ஐந்தரைக்குப் பொன்னேரி அடிவாரத்தில் இருப்பேன். அறுபது தாண்டியவர்கள் தாராளமாக வாருங்கள். ஹெல்மெட் இல்லாமல் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.