யாரும் தேடாத வீடியோ கெசட்டுகள்

அக்குறணையில் புதிய வீடு கட்டிக் குடிபோகின்றவர்கள் பழைய வீட்டிலிருந்து முதலில் கழித்துவிடுகின்ற பொருள் வீடியோ கெசட்டுகள்தான். காணி உறுதிகளை அலுமாரியில் வைத்துப் பூட்டுகிறார்கள். பித்தளைச் சாமான்களுக்கு நல்ல விலை கிடைக்கிறது. பழைய கதிரை, மேசைகளைக்கூட கேட்டு வாங்கிச் செல்ல ஆள் இருக்கிறது. கெசட்டுகளை மட்டும் யாரும் கேட்பதில்லை. போத்தலும் பழைய பேப்பரும் வாங்க வருபவர்கூட, வேறு சாமான்களோடு சேர்த்துச் சும்மா கொடுத்தால்தான் அவற்றைத் தூக்கிச் செல்வார்.

அப்படிப் போய்ச் சேர்கின்ற கெசட்டுகளைப் பழைய சாமான் கடைகளில் தேடி வாங்குவது சில வருடங்களாக எனக்குப் பழக்கமாகிவிட்டது. கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை வழியாக மாத்தளை செல்லும் வீதியில், ஆறாம் கட்டை, ஏழாம் கட்டைப் பக்கங்களில் இறங்கினால், எதையாவது கையில் எடுக்காமல் திரும்புவதில்லை. “இது எனத்துக்கு ஹாஜியார்? ஓட்டிப் பாக்க டெக்கும் இல்லயே!” என்று கடைக்காரர் கேட்பார். என்னிடம் டெக் இருக்கிறது என்று சொன்னால் நம்புவதாக இல்லை.

நான் தேடுவது சினிமாப் படங்களை அல்ல. எம்.ஜி.ஆர். படமும் ரஜினி படமும் இன்று கைத்தொலைபேசியிலேயே கிடைக்கின்றன. உறையில் பேனையால் ஏதோ கிறுக்கப்பட்ட கெசட்டுகள், பெயரே எழுதப்படாத கெசட்டுகள், இவைதான் எனக்கு வேண்டும். பாடசாலைப் பரிசளிப்பு விழா, மத்ரஸாவின் பட்டமளிப்பு, ஒரு கடைத் திறப்பு, வெள்ளம் வடிந்த மறுநாள் யாரோ கமராவைத் தூக்கிக்கொண்டு நடந்த நடை, தையல் மெஷின் விற்பதற்காக எடுக்கப்பட்ட விளக்கப்படம்... இவற்றுக்கெல்லாம் உலகத்தில் இரண்டாவது பிரதி இருக்கப்போவதில்லை.

இளைய வாசகர்களுக்காகக் கொஞ்சம் பழங்கதை சொல்ல வேண்டும். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. 1979இல் ஐ.டி.என். தொலைக்காட்சி தொடங்கியது, 1982 பெப்ரவரியில் ஜப்பானின் உதவியுடன் ரூபவாஹினி வந்தது. அதே காலத்தில்தான் எமது பிள்ளைகள் மத்திய கிழக்குக்கு உழைக்கப் போகத் தொடங்கினார்கள். திரும்பி வருகின்றவரின் பெட்டிகளில் ஒன்றில் டெக் இருக்கும். டெக் வந்த வீட்டில் அன்றிரவு அயலவர் எல்லாம் கூடுவர்; பாய் விரித்து, பெண்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, விடியும்வரை இரண்டு மூன்று படங்கள் ஓடும். சில வருடங்கள் கழித்துக் கமராவும் வந்தது. கலியாணம் என்றால் வீடியோ எடுக்க வேண்டும் என்றாகிவிட்டது. வெளிநாட்டில் இருந்து வர முடியாத நானாவுக்கோ மச்சானுக்கோ ஒரு கொப்பி போகும். விமானத்தில் போகின்றவர் யாராவது கொண்டுபோய்க் கொடுப்பார்.

யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு இதே கதை வேறு விதமாக நினைவிருக்கும். மின்சாரமே இல்லாத வருடங்களில் ஜெனரேற்றர் வைத்து, அதற்கு எண்ணெய் தேடி, முற்றத்தில் படம் பார்த்தவர்கள் அவர்கள். இன்று ரொறன்ரோவிலும் பாரிஸிலும் அவர்களில் பலருடைய வீட்டு நிலவறைகளில் ஒரு பெட்டி கெசட் தூசு படிந்து கிடக்கும் என்று நான் பந்தயம் கட்டத் தயார்.

கெசட்டில் ஒரு விசேஷம் உண்டு. அதன் முதுகுப் பக்கத்தில் ஒரு சிறிய பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறொன்றைப் பதிய முடியாது. ஆனால் எமது மக்கள் சிக்கனமானவர்கள். உடைந்த இடத்தில் ஒரு துண்டு செலோடேப் ஒட்டிவிட்டு மறுபடியும் பதிந்தார்கள். ஆகவே ஒரே நாடாவில் பல அடுக்குகள். நான் வாங்கிய ஒன்றின் உறையில் ஒரு தமிழ்ப் படத்தின் பெயர் இருந்தது. படம் முடிந்து, திரையில் புள்ளிகள் மழைபோலக் கொட்டி, சற்று நேரத்தின் பின் வேறொரு காட்சி தொடங்கியது. ஒரு வீட்டு முன்வாசல். வெள்ளைத் தொப்பி அணிந்த ஒரு முதியவர் கதிரையில் அமர்ந்து, கமராவைப் பார்த்து ஒன்றும் பேசாமல் சிரிக்கிறார். பின்னால் ஒரு பெண் குரல், “வாப்பா, ஏதாச்சும் பேசுங்களேன்” என்கிறது. அவர் வாயைத் திறக்கும்போது நாடா முடிந்துவிட்டது. மூன்று மணி நேர நாடாவில் எஞ்சியது நாலு நிமிடம்! அவர் யார், எந்தக் குடும்பம் என்று இன்றுவரை விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மேல்நாடுகளில் இது பெரிய விடயமாகவே நடக்கிறது. அமெரிக்காவில் நிக் புரூஹர், ஜோ பிக்கெட் என்ற இரண்டு நண்பர்கள் பழைய சாமான் கடைகளில் விசித்திரமான கெசட்டுகளைத் தேடி எடுத்து, 2004 முதல் அவற்றை மேடையில் காட்டிச் சபையைச் சிரிக்க வைத்து வருகிறார்கள். உடற்பயிற்சி வீடியோக்களும் நிறுவனங்களின் பயிற்சி வீடியோக்களுமே அவர்களின் முதலீடு. பிலடெல்பியாவில் மரியன் ஸ்டோக்ஸ் என்ற பெண்மணி, ஒரு காலத்தில் நூலகராகப் பணியாற்றியவர், 1979 முதல் 2012இல் தாம் இறக்கும்வரை தொலைக்காட்சிச் செய்திகளை இரவு பகலாகப் பதிந்து சுமார் 70,000 கெசட்டுகளை விட்டுச் சென்றார். உயிரோடு இருந்தபோது அவரைப் பைத்தியம் என்றவர்கள் உண்டு. தொலைக்காட்சி நிலையங்களே நாடாவின் விலையை எண்ணித் தமது பழைய நிகழ்ச்சிகளை அழித்து மீண்டும் பதிந்தன என்ற உண்மை தெரிந்தவர்களுக்கு அவர் பைத்தியமாகத் தெரியமாட்டார். பி.பி.சி.யே அப்படிச் செய்துதான் ‘டொக்டர் ஹூ’ தொடரின் பல அத்தியாயங்களை இழந்தது.

பி.பி.சி. இழந்தது சிக்கனத்தால். நாம் இழந்தவை வேறு விதமானவை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. 1983 ஜூலையில் கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிந்தபோது படச்சுருள்களும் எரிந்தன. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். தனது கலியாணப் படம் ஒன்றுகூட இல்லாத பெண்களைப் புத்தளத்து முகாம்களில் சந்தித்திருக்கிறேன். 2018 மார்ச்சில் திகனையில் தொடங்கிய வன்செயல் அக்குறணை வரை வந்தபோது, எரிந்த வீடுகளுக்குள் என்னென்ன இருந்தன என்று எந்த நட்டஈட்டுப் படிவமும் கேட்கவில்லை. பிறர் எரித்ததற்காக அழுகின்ற நாம், எஞ்சியதை நாமே குப்பை வண்டியில் ஏற்றுவதை எப்படி நியாயப்படுத்துவது?

இங்கே ஒரு மறுப்பு எழும் என்பது எனக்குத் தெரியும். அதை எழுப்புகின்றவர்கள் என் உறவினர்களிலேயே இருக்கிறார்கள். கலியாண வீடியோ என்றால் பெண்கள் பகுதியும் அதில் இருக்கும். அன்று அலங்காரத்தோடு, தலை திறந்து, சிரித்துக்கொண்டு நின்ற பெண்கள் இன்று முகம் மூடுகின்றவர்களாக இருக்கலாம். உருவப்படமே கூடாது என்ற கருத்துக்கு வந்து, வீட்டிலிருந்த கெசட்டுகளின் நாடாவை உருவி எரித்தவர்களையும் அறிவேன். அவர்களின் மார்க்க விளக்கத்தோடு நான் இங்கே வாதாட வரவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தக் கெசட்டைப் பழைய சாமான் கடைக்குக் கொடுப்பது எந்த விதத்தில் பேணுதல்? எரித்தால் ஒருவரும் பார்க்கப்போவதில்லை. வைத்துப் பூட்டினாலும் ஒருவரும் பார்க்கப்போவதில்லை. கடைக்குக் கொடுத்தால் யாரும் பார்க்கலாம், இணையத்தில் ஏற்றவும் செய்யலாம்.

ஆகவே எனக்கென்று ஒரு முறை வைத்திருக்கிறேன். கலியாண வீடியோ என்று தெரிந்தவுடன் ஓட்டத்தை நிறுத்தி, முகவரியோ பெயரோ இருந்தால் குடும்பத்தைத் தேடி ஒப்படைத்துவிடுவேன். சிலர் நன்றி சொன்னார்கள். ஒரு வீட்டில் மகள்மார் இருவர், மௌத்தாகிப்போன உம்மாவின் குரலைக் கேட்டு வாய்விட்டு அழுதார்கள். உம்மாவின் குரல் எந்தக் கெசட்டிலும் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. இன்னொருவர் கதவிலேயே வாங்கி, என் முன்னாலேயே அடுப்பில் போட்டார். அது அவருடைய உரிமை. நான் பேசாமல் வந்துவிட்டேன். புரூஹரும் பிக்கெட்டும் செய்வதை நான் ரசிக்கிறேன், ஆனால் அவர்கள் சிரிப்பது பெரும்பாலும் விற்பனைக்கென்று எடுக்கப்பட்ட படங்களைப் பார்த்து. நமது கிராமத்து மாப்பிள்ளையின் அகன்ற காற்சட்டையையும் கறுப்புக் கண்ணாடியையும் முகநூலில் போட்டுச் சிரிப்பது அதோடு சேராது. அவர் யாருக்கும் எதையும் விற்க வரவில்லை.

அவகாசம் அதிகமில்லை. காந்த நாடா ஈரத்தை உறிஞ்சும். காந்தத் துகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை சிதையும். பூஞ்சணம் வெள்ளைப் பொடியாகப் படியும். கண்டிப் பிரதேசத்தின் ஈரலிப்பு அதற்குப் போதுமானது. அக்குறணை நகரில் பிங்கா ஓயாவும் தன் பங்குக்கு அடிக்கடி கரை கடந்து வருகிறது. டெக் உற்பத்தி செய்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையோடு அதை நிறுத்திவிட்டது. காந்த நாடாக்களைப் பார்க்கும் வசதியே 2025 அளவில் அருகிவிடும் என்று யுனெஸ்கோ 2019இல் எச்சரித்தது. அந்த வருடமும் போய்விட்டது.

செய்ய வேண்டியது பெரிய வேலை அல்ல. பூஞ்சணம் பிடித்த கெசட்டை டெக்கில் போடாதீர்கள். அது டெக்கின் தலையையும் கெடுத்து, அடுத்த கெசட்டையும் கெடுக்கும். நல்லவற்றை ஓடவிட்டு, சிறு கருவி ஒன்றின் மூலம் கணினியில் ஏற்றலாம். மூன்று மணி நேரக் கெசட்டுக்கு மூன்று மணி நேரம் வேண்டும், அவசரப்படுத்த வழியில்லை. ஒவ்வொரு வீட்டிலும் இதைச் செய்ய முடியாது. ஊரில் ஒரு பாடசாலையோ பள்ளிவாசல் நிர்வாகமோ ஓடுகின்ற டெக் இரண்டை வாங்கி வைத்து, வருகின்ற கெசட்டைப் பதிந்து உரியவரிடமே திருப்பிக் கொடுத்தால் போதும். பொது நிகழ்ச்சிகளை மட்டும் உரியவர் சம்மதத்துடன் ஒரு பிரதி எடுத்து வைக்கலாம். ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் 2005 முதல் இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் போன்ற அமைப்புகளுக்கு அதைக் கொடுக்கலாம்.

இதை ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் சொன்னபோது, “பள்ளிக்குள்ள டெக்கா!” என்று முகத்தைச் சுளித்தார். பள்ளிவாசல் காரியாலயத்தில் கண்காணிப்புக் கமரா எட்டு பூட்டியிருக்கிறார்கள், அதுவும் இரவு பகலாகப் பதிந்துகொண்டுதான் இருக்கிறது என்று நினைவூட்டினேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பதில் வரும்வரை, உங்கள் வீட்டு மேல்தட்டில் உள்ள பெட்டியைக் கடைக்கு அனுப்ப வேண்டாம்.