525 மடங்கு!

எங்கள் எதிர்வீட்டில் சென்ற வருஷம் ஒரு டெலஸ்கோப் வந்து இறங்கியது. கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கினால் வாங்கித் தருவதாக அப்பா பிள்ளைக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பிள்ளை நூறு வாங்கிவிட்டான், அப்பா மாட்டிக்கொண்டார்!

பெட்டியின் மேல், '525 மடங்கு பெரிதாகக் காட்டும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அன்று ராத்திரி மொட்டை மாடியில் பாதித் தெரு கூடிவிட்டது. இருப்பதற்குள் மிகச் சிறிய லென்ஸை எடுத்து மாட்டினார் அப்பா. அதுதான் அதிகம் பெரிதாக்குமாம். ஒரு மணி நேரம் குனிந்து நிமிர்ந்து கழுத்து வலி கண்டதுதான் மிச்சம். ஒரு சமயம் ஒரே கறுப்பு. ஒரு சமயம் என்னவோ மங்கலாக ஆடிக்கொண்டே ஓடிற்று. பாட்டி மூக்குக் கண்ணாடியோடு பார்த்தாள், கண்ணாடி இடித்தது. அதைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். இமை மயிர் இடித்தது. "எனக்கு ஆண்டவன் கொடுத்த கண்ணே போதும்டாப்பா!" என்று கீழே இறங்கிப் போய்விட்டாள்.

ஒரு வாரத்தில் டெலஸ்கோப் பரணுக்குப் போயிற்று. போகட்டும், சாமான்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் பிள்ளை, "எனக்குத்தான் பார்க்கத் தெரியலை போலிருக்கு" என்றானாம். அதைச் சொல்லும்போது அவன் அம்மாவுக்குக் குரல் தழுதழுத்தது. "இன்னும் பெரிசா ஒண்ணு வாங்கிடலாமா, மாமி?" என்று என்னைக் கேட்டாள். எனக்கு இந்த ஆகாசப் பைத்தியம் கொஞ்சம் உண்டு என்பது அவளுக்குத் தெரியும்.

"வாங்க வேண்டாம். பரணில் இருப்பதை முதலில் இறக்கு" என்றேன். அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன், சகோதரிகளே.

டெலஸ்கோப்பின் முன்னால் இருக்கும் பெரிய லென்ஸின் வேலை, வெளிச்சத்தைச் சேர்த்து ஒரு சிறு பிம்பமாக்கித் தருவது. நாம் கண்ணை வைக்கிற சின்னக் குழாய்தான் அந்தப் பிம்பத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. இதற்கு 'ஐபீஸ்' என்று பெயர். வேண்டியபடி மாற்றி மாற்றி மாட்டலாம். ஒவ்வொன்றின் மேலும் 25, 10, 4 என்று மில்லிமீட்டர் கணக்குப் போட்டிருக்கும். டெலஸ்கோப்பின் குவிய தூரத்தை இந்த எண்ணால் வகுத்தால் எத்தனை மடங்கு என்று வந்துவிடும். எதிர்வீட்டு டெலஸ்கோப்புக்குக் குவிய தூரம் 700 மில்லிமீட்டர். 25 மாட்டினால் 28 மடங்கு. 10 மாட்டினால் 70. 4 மாட்டினால் 175. அதோடு மும்மடங்காக்கும் 'பார்லோ' என்ற லென்ஸையும் சேர்த்தால் 525! பெட்டியில் போட்டது பொய்யில்லை. பிரயோஜனம்தான் இல்லை.

ஏன் என்கிறீர்களா? ஒரு கரண்டி மாவில் ஒரு தோசை வார்க்கிறோம். அதே ஒரு கரண்டியைக் கல் முழுவதும் இழுத்தால் என்ன ஆகும்? அங்கங்கே பொத்தல், எடுக்க வராது. முன் லென்ஸ் சேர்த்துத் தரும் வெளிச்சம்தான் நம்முடைய ஒரு கரண்டி மாவு. 28 மடங்கிலிருந்து 175 மடங்குக்குப் போனால், அதே வெளிச்சம் சுமார் 39 பங்கு பரப்பில் பரவ வேண்டும். பிறகு மங்காமல் என்ன செய்யும்? முன் லென்ஸின் அகலம் எத்தனை மில்லிமீட்டரோ, அதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் போவதில் லாபமில்லை என்பது அனுபவஸ்தர்கள் கண்ட வரம்பு. இந்த டெலஸ்கோப்பின் அகலம் 70 மில்லிமீட்டர். ஆகவே 140 மடங்கோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். காற்று நடுங்கும் இரவுகளில் அதுகூட அதிகம்.

இன்னொரு சங்கடமும் உண்டு. பெரிதாக்கப் பெரிதாக்க ஜன்னல் சுருங்கும். 28 மடங்கில் மூன்று பூரண சந்திரன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். 175 மடங்கில் ஒரு சந்திரனே முழுசாக அடங்காது. பூமி சுற்றுவதால், பார்க்கிற நட்சத்திரம் சின்ன ஜன்னலைவிட்டு ஒரு நிமிஷத்துக்குச் சற்று மேலான நேரத்தில் நழுவிவிடும். கலியாணத்தன்று அம்மி மிதித்து அருந்ததி பார்த்தோமே, நினைவிருக்கிறதா? 28 மடங்கில் வசிஷ்டரும் அருந்ததியும் ஒன்றாகத் தெரிவார்கள். வசிஷ்டரே இரட்டை நட்சத்திரம் என்பதும் தெரியும். 525 மடங்கில் பார்த்தாலோ, இருவரும் ஒரே ஜன்னலில் கொள்ளமாட்டார்கள். தம்பதிகளைப் பிரித்த பாவம் நமக்கு எதற்கு?

ஆகையால் முதலில் 25-ஐ மாட்டுங்கள். சந்திரன், கிருத்திகைக் கூட்டம் எல்லாம் அதில்தான் அழகு. தேடிப் பிடித்த பிறகு 10-ஐ மாட்டினால், வியாழனின் பட்டைகளும் சனியின் வளையமும் தெரியும். (2025 மார்ச்சில் வளையத்தின் விளிம்பு மட்டும் நம் பக்கம் திரும்பியிருந்தது. 2032 வாக்கில் நன்றாக விரிந்து தெரியும்.) 4-ம் பார்லோவும் பெட்டியிலேயே தூங்கட்டும். கலிலியோ 1610-ல் வியாழனின் நாலு சந்திரன்களைக் கண்டபோது, அவரிடம் இருந்தது சுமார் 20 மடங்குதான்!

புதிதாக ஒன்று வாங்குவதானால் 'பிளாசல்' என்ற வகையைக் கேளுங்கள். வியன்னாவில் சைமன் பிளாசல் என்பவர் 1860-ல் அமைத்தது, நாலு லென்ஸ்கள் உண்டு, ஜன்னலும் அகலம். வாங்குமுன் குழாயின் அளவைப் பாருங்கள். இப்போது சாதாரணமாகக் கிடைப்பது 1¼ அங்குலம். பழைய டெலஸ்கோப் சிலவற்றில் அது சேராது. மூக்குக் கண்ணாடிக்காரர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பிளாசல் வகையில் 4 மில்லிமீட்டருக்குக் கண்ணை ஏறக்குறைய ஒட்ட வைத்தாக வேண்டும். 25-க்கு ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் இடம் இருக்கும். வெறும் கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ ஆனால், கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திருகைத் திருப்பிச் சரிசெய்துகொள்ளலாம். சிதறல் பார்வைக்காகக் கண்ணாடி போட்டிருப்பவர்கள் அதோடு பார்ப்பதே நல்லது.

படம் எடுக்கவும் ஆசை வரும். செல்போனின் லென்ஸை ஐபீஸுக்கு நேராகப் பிடித்துச் சந்திரனை எடுக்கலாம். அதற்கும் 25-தான் சுலபம். போனைப் பிடித்துக்கொள்ளும் கவ்வி ஒன்று வாங்கி மாட்டி, டைமரை வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள், படம் ஆடாது. லென்ஸ் கழற்றுகிற காமிரா இருந்தால் ஐபீஸே வேண்டாம். ஐபீஸ் இருந்த இடத்தில், வளையம் ஒன்றின் உதவியால் காமிராவைப் பொருத்தினால், டெலஸ்கோப்பே அதற்கு லென்ஸாகிவிடும். மங்கலான நட்சத்திர மேகங்களை எடுக்க மட்டும், ஆகாசத்தோடு கூடவே திரும்பும் தாங்கி வேண்டும். அது பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு கண்டிப்பான விஷயம். சில பெட்டிகளில், ஐபீஸில் திருகுகிற கறுப்புக் கண்ணாடி ஒன்றைச் 'சூரியன் பார்க்க' என்று வைத்திருப்பார்கள். சூட்டில் அது வெடித்துவிட்டால் குழந்தையின் கண் போய்விடும். அதை இன்றே எடுத்துக் குப்பையில் போடுங்கள். சூரியன் பக்கம் டெலஸ்கோப்பைத் திருப்பவே விடாதீர்கள்.

எதிர்வீட்டு டெலஸ்கோப் பரணிலிருந்து இறங்கியது. புதிதாக வாங்கியது 25 மில்லிமீட்டர் பிளாசல் ஒன்றுதான், அதுவும் பாட்டிக்காக. பாட்டி மூக்குக் கண்ணாடியோடு குனிந்தாள். வெகு நேரம் நிமிரவில்லை. "ஏண்டா, சந்திரன்லே இவ்வளவு குழியா! இத்தனை நாளா யாருமே சொல்லலையே!" என்றாள். பிள்ளை வியாழனின் நாலு சந்திரன்களையும் பார்த்து நோட்டில் புள்ளி வைத்துக்கொண்டான். மறுநாள் பார்த்தபோது அவை இடம் மாறியிருந்தன. அதைச் சொல்ல ராத்திரி ஒன்பதரை மணிக்கு எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினான்.

பெட்டியை நான் பிறகு பார்த்தேன். 525-ஐப் பேனாவால் அடித்துவிட்டுப் பக்கத்தில் 28 என்று எழுதியிருந்தான்.