நின்றால் எரியும்

தாராவி 90 அடிச் சாலையை ஒட்டிய சந்துகளிலும் செம்பூர்ப் பக்கத்துச் சிறு பட்டறைகளிலும் ஒரு கேள்வி அடிபட்டுக்கொண்டே இருக்கிறது. அக்ரிலிக் எழுத்துக்கும் எம்டிஎஃப் ஜாலி வேலைக்கும் வாங்கிய சிஎன்சி ரவுட்டர் ஆர்டர் இல்லாமல் நிற்கிறது; ஸ்பிண்டிலைக் கழற்றிவிட்டு லேசர் தலையைப் பூட்டினால் தோல் வெட்டலாமா?

வெட்டலாம். ஆனால் தலையைப் பூட்டுவது இந்த மாற்றத்தில் கடைசி வேலை. நம்மில் பலர் அதையே முதல் வேலையாகச் செய்கிறோம். இந்த உரை முழுவதும் அந்த வரிசையைப் பற்றியதுதான்.

மாற்றும் ஆசையில் நியாயம் இருக்கிறது. ரவுட்டரின் கேன்ட்ரி, ஸ்க்ரூ, ஸ்டெப்பர் மோட்டார், ஜி-கோட் எல்லாம் அப்படியே பயன்படும். கட்டர் பொருளை இழுக்கும், தள்ளும். அதற்காகக் கிளாம்ப் போட்டு இறுக்குகிறோம். லேசர் பொருளைத் தொடுவதே இல்லை. மூன்று மில்லிமீட்டர் கட்டர் தின்னும் இடத்தில் லேசர் எடுப்பது மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு. பணப்பைக்கும் பெல்ட்டுக்கும் ஒவ்வொரு மாதிரிக்கும் தனி டை அடித்துக் காசைக் கொட்டும் தோல் பட்டறைக்கு, கம்ப்யூட்டரில் கோட்டை மாற்றினாலே புது மாதிரி கிடைக்கும் என்பது பெரிய விடுதலை. இருபது உருப்படி கேட்டு வரும் ஆர்டரையும் தைரியமாக ஏற்கலாம்.

இனி ஆபத்துக்கு வருவோம். மில்லிங் செய்து பழகிய கைக்கு ஒரு பாடம் ஊறியிருக்கிறது: ஏதாவது தவறினால் இயந்திரத்தை நிறுத்து. கேன்ட்ரி நின்றுவிட்டால் பயம் போய்விடும். ஸ்பிண்டில் அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தாலும் பெரிய சேதமில்லை. அதனால்தான் மில்லிங் கன்ட்ரோலர்களில் ஃபீட் ஹோல்ட் அழுத்தினால் அச்சுகள் மட்டும் நிற்கும், ஸ்பிண்டில் ஓடும். லேசரில் இந்தப் பாடம் தலைகீழ். 60 வாட் கற்றை ஓடிக்கொண்டிருக்கும்வரை வெட்டுகிறது. ஒரே புள்ளியில் நின்றுவிட்டால் தீ மூட்டுகிறது. கம்ப்யூட்டர் உறைந்தாலும், யுஎஸ்பி கம்பி கழன்றாலும், லிமிட் ஸ்விட்ச் தட்டினாலும், தலை நிற்கும் அந்தக் கணத்தில் கற்றையும் அணைந்தாக வேண்டும். பழைய கன்ட்ரோலர் இதைத் தானாகச் செய்யாது. அப்படிச் செய்யும்படி யாரும் அதைக் கேட்டதே இல்லை.

ஆகவே முதலில் மாற்ற வேண்டியது கன்ட்ரோலரை. மாக்-3 மென்பொருளோடு வந்த பழைய போர்டுகள் ஸ்பிண்டிலுக்கு 0 முதல் 10 வோல்ட் வரை ஒரு சிக்னல் அனுப்பும். ஸ்பிண்டிலை ஓட்டும் விஎஃப்டி அதை வாங்கி வேகத்தை ஏற்ற இரண்டு மூன்று விநாடி ஆனாலும் மரத்துக்கு நட்டமில்லை. லேசருக்கு அந்தத் தாமதம் ஆகாது. ஜிஆர்பிஎல் 1.1 போர்டில் 32-ஆம் அமைப்பை 1 என்று வைத்தால் லேசர் முறை இயங்கும். ஃபீட் ஹோல்ட் போட்டால் கற்றையும் அணையும். நிரலில் எம்3-க்குப் பதில் எம்4 கொடுங்கள். எம்3 கொடுத்த பவரை அப்படியே பிடித்து வைக்கும். மூலையில் கேன்ட்ரி வேகம் குறைந்து திரும்பும்போது அங்கே கருகல் விழுவது அதனால்தான். எம்4 வேகத்துக்கு ஏற்பப் பவரைக் கூட்டிக் குறைக்கும், அசைவு நின்றால் அணைத்துவிடும். கருகல் இல்லாத மூலையும் தீப்பிடிக்காத மேசையும் இந்த ஒரே அமைப்பில் கிடைக்கின்றன.

மென்பொருளை மட்டும் நம்பி உட்காரவும் கூடாது. ரவுட்டரின் சிவப்பு எமர்ஜென்சி பட்டன் பெரும்பாலும் மோட்டார்களை மட்டும் வெட்டும். லேசர் பவர் சப்ளைக்குத் தனி மின்சாரம் போகிறது. அந்த வழியையும் அதே பட்டன் வெட்ட வேண்டும். கரியமில வாயு லேசரின் கண்ணாடி டியூபுக்கான பவர் சப்ளைகள் பலவற்றில் பாதுகாப்புக்கென்றே ஒரு முனை இருக்கிறது. இயந்திரத்தைச் சுற்றிக் கட்டும் பெட்டியின் மூடி ஸ்விட்ச்சையும் நீரோட்ட ஸ்விட்ச்சையும் அதில் தொடராக இணையுங்கள். குளிர்விக்கும் தண்ணீர் நின்றால் டியூப் விரிசல் விட்டுவிடும். கன்ட்ரோலருக்கு மின்சாரம் வந்ததும் அதன் சிக்னல் கால் ஒரு கணம் எந்த நிலையிலும் இல்லாமல் மிதக்கும். அந்தக் கணத்தில் கற்றை பாயாமலிருக்க, சிக்னல் ஏறினால் சுடும் இணைப்பில் சிக்னல் கம்பிக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஒரு ரெசிஸ்டர் போதும். லாமிங்டன் ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள் அது. டியூபுக்குப் போகும் மின்னழுத்தம் 20,000 வோல்ட் அளவில் இருக்கிறது. எர்த் சரியில்லாத மாடிப் பட்டறையில் அந்த டியூபை ஏற்றவே கூடாது.

எந்த லேசர் என்பதிலும் குழப்பம் இருக்கிறது. தோல், அக்ரிலிக், மரம் மூன்றுக்கும் ஏற்றது கரியமில வாயு லேசர். அதை 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய குமார் படேல் நம் மகாராஷ்டிரத்துப் பாராமதியில் பிறந்து புனேயில் பொறியியல் படித்தவர். அதே 1964-இல் செம்பூரை அடுத்த டிராம்பே அணுசக்தி வளாகத்தில் நம் விஞ்ஞானிகள் காலியம் ஆர்சனைடு லேசரைச் செய்தார்கள். லேசர் நமக்கு அந்நியச் சரக்கு இல்லை என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும் என்பதால் இதைச் சொல்கிறோம்.

கரியமில வாயு லேசரின் அலைநீளம் 10.6 மைக்ரான். அதைத் தெளிந்த அக்ரிலிக் தகடு உறிஞ்சிக்கொள்ளும். ரவுட்டரில் நேராகப் பூட்ட வசதியான நீல டயோடு லேசர் 450 நானோமீட்டர்; அது அதே தெளிந்த அக்ரிலிக்கைத் துளைத்துக்கொண்டு கண்ணுக்கு வரும். உலோகம் வெட்டும் ஃபைபர் லேசர் ஒரு மைக்ரானை ஒட்டியது. அது கண்ணுக்கே தெரியாது. அக்ரிலிக்கையும் சாதாரணக் கண்ணாடியையும் கடந்துபோய் விழித்திரையைச் சுட்டுவிடும். ஒரு பட்டறையில் பாதுகாப்பாக இருந்த அக்ரிலிக் மூடி அடுத்த பட்டறையில் வெறும் அலங்காரமாகிவிடுவது இதனால்தான். அரை வாட்டுக்கு மேற்பட்ட தொடர் கற்றை எதுவும் நான்காம் வகுப்பு லேசர். சிதறி வரும் ஒளியே பார்வையைப் பறிக்கும். ரவுட்டரோ நாலு பக்கமும் திறந்த இயந்திரம். அதைச் சுற்றிப் பெட்டி கட்டாமல் லேசரை ஓட்டாதீர்கள். பத்தடி அறையில் தையல்காரரும் எடுபிடிப் பையனும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் தாராவியில், ஓட்டுபவர் ஒருவர் மட்டும் கண்ணாடி மாட்டிக்கொள்வது பாதுகாப்பு ஆகாது.

புகை விஷயத்தில் நாம் இன்னும் அலட்சியமாக இருக்கிறோம். வெட்டும் இடத்தில் வாயு ஊதுவதில் தொடங்குவோம். 1967-இல் இங்கிலாந்தில் பீட்டர் ஹோல்ட்கிராஃப்ட் 300 வாட் லேசரால் ஒரு மில்லிமீட்டர் எஃகுத் தகட்டை வெட்டிக் காட்டியபோது, கற்றையோடு ஆக்சிஜனையும் பீய்ச்சினார். லேசர் வெட்டுத் தொழில் தொடக்கத்திலிருந்தே வாயுவோடு பிணைந்தது. தோலுக்கும் மரத்துக்கும் அழுத்திய காற்று போதும். அது சுடரை ஊதி அணைக்கிறது, லென்ஸில் புகை படியாமல் காக்கிறது. மேலே காற்று ஊதினால் கீழே உறிஞ்சியும் ஆக வேண்டும். குரோம் பதனிட்ட தோலின் புகையில் குரோமியம் கலந்து வரும். அதைவிட மோசமானது ரெக்சின். தாராவியில் தோலும் ரெக்சினும் ஒரே மேசையில் வெட்டுபடுகின்றன. ரெக்சினில் இருக்கும் பிவிசி கற்றையில் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு கிளம்பும். ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகும். மும்பை மழைக்காலக் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. ரெயிலும் பேரிங்கும் துருப்பிடிப்பது கண்ணுக்குத் தெரியும், நெஞ்சுக்குள் நடப்பது தெரியாது.

சந்தேகப் பொருள் வந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். செம்புக் கம்பியைச் சுடரில் நன்றாகக் காய்ச்சி, அந்தப் பொருளின் மேல் ஒற்றியெடுத்து, மீண்டும் சுடரில் காட்டுங்கள். சுடர் பச்சையானால் குளோரின் இருக்கிறது. லேசர் மேசையில் வைக்காதீர்கள். காற்றோட்டமான இடத்தில் அரை நிமிட வேலை இது.

பெயர் பொறிப்பதற்காக ரவுட்டரை மாற்ற நினைப்பவர்கள் அந்த எண்ணத்தை விட்டுவிடலாம். ஸ்க்ரூவில் ஓடும் கனத்த கேன்ட்ரி நிமிடத்துக்கு மூன்று நான்கு மீட்டர் போகும். வெட்டுக்கு அது தாராளம், வரிவரியாகப் பொறிக்கப் போதாது. அதற்குக் கண்ணாடியை அசைத்துக் கற்றையைத் திருப்பும் கால்வோ இயந்திரம் இருக்கிறது. ஒரே இயந்திரத்தில் காலையில் மில்லிங், மாலையில் லேசர் என்ற திட்டமும் நம் பார்வையில் தவறு. எம்டிஎஃப் தூள் லென்ஸில் படிந்து அதை உடைக்கும், மூலைகளில் தங்கி எரியும்.

தாராவி மறுசீரமைப்பில் பட்டறைகள் அடுக்குக் கட்டடங்களுக்குள் போகும் காலம் நெருங்குகிறது. மாசு தராத தொழிலுக்கே இடம் என்ற பேச்சும் கூடவே வருகிறது. சந்தில் சன்னல் வழியாகப் புகையைத் தள்ளிப் பழகிய லேசர் பட்டறைக்கு அங்கே இடம் கிடைப்பது கடினம். பொதுப் புகைபோக்கிக் குழாயும் வடிகட்டியும் வரைபடத்திலேயே இருக்க வேண்டும் என்று நம் சங்கங்கள் இப்போதே எழுத்தில் கேட்க வேண்டும். கட்டி முடித்த பிறகு குழாய்க்கு ஓட்டை போட யாரும் விடமாட்டார்கள்.

மாட்டுங்காவில் விஜேடிஐ பொறியியல் கல்லூரியும் வேதித் தொழில்நுட்ப நிறுவனமும் தாராவியிலிருந்து கூப்பிடு தொலைவில் இருக்கின்றன. ஒன்றில் இயந்திரம் தெரிந்தவர்கள், மற்றதில் புகையின் வேதியியல் தெரிந்தவர்கள். மாற்றிய இயந்திரங்களைச் சோதித்துத் தரவும் பட்டறைப் புகையை அளந்து சொல்லவும் மாணவர் திட்டப்பணிகளை ஒதுக்குமாறு இரு நிறுவனங்களின் பேராசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறோம். வாசகர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இதுதான்: கன்ட்ரோலர், பெட்டி, புகைபோக்கி, எர்த் நான்குக்கும் பணம் சேரும்வரை லேசர் தலையை வாங்காதீர்கள்.