சிப்பாய்க்கும் நீதி வேண்டும்!

விழுப்புரம் ஜங்ஷனில் டிரங்குப் பெட்டியோடு ரயிலிறங்கும் ராணுவச் சிப்பாய் யார்? அவன் அந்நியன் அல்ல. செஞ்சி, மயிலம், விக்கிரவாண்டிப் பக்கத்துக் கூலி விவசாயி பெற்ற பிள்ளை. திண்டிவனத்து அரிசி மில்லில் மூட்டை சுமப்பவரின் தம்பி. நிலமில்லாத வீட்டுக்கு மாதச் சம்பளம் வரும் வழி என்று நம்பியே பட்டாளத்துக்குப் போனவன். அவன் எந்தச் சட்டத்துக்கு உட்பட்டவன், தவறினால் என்ன தண்டனை, தீர்ப்புச் சொல்பவர் யார் என்பது வீட்டாருக்கும் தெரிவதில்லை. தெரிந்துகொள்வது அவசியம்.

1806 ஜூலை 10-ல் நமக்கு அண்டையிலுள்ள வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். தாடி வைக்காதே, நெற்றியில் குறியிடாதே, புதுத் தொப்பி அணி என்று கும்பினியார் போட்ட உத்தரவே உடனடிக் காரணம். முன்னதாக மறுத்துப் பேசியவர்களுக்குக் கசையடி கிடைத்தது. எழுச்சி அடக்கப்பட்டதும் பலரை விசாரணையின்றியே சுட்டுக் கொன்றார்கள். பிறகு ராணுவ கோர்ட் கூடியது. சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தார்கள், சிலரைத் தூக்கிலிட்டார்கள். உத்தரவு போட்ட தளபதி கிராடக்குக்கும் கவர்னர் பெண்டிங்குக்கும் என்ன தண்டனை? சீமைக்குத் திரும்ப அழைக்கப்பட்டார்கள், அவ்வளவே!

அது வெள்ளையன் காலம் என்று சொல்லலாம். 1950-ல் நமது பார்லிமெண்ட் ராணுவச் சட்டம் இயற்றியது. ஆனால் அதன் எலும்புக்கூடு 1911-ம் வருடத்து வெள்ளையர் சட்டத்தினுடையதே.

ஷரத்துக்களைப் பாருங்கள். போர்ப் பணியில் இருக்கையில் படையை விட்டு ஓடினால் மரண தண்டனை வரை உண்டு. மற்றக் காலத்தில் ஏழாண்டு வரை சிறை. தக்க காரணமின்றி லீவு முடிந்தும் திரும்பாவிட்டால் மூன்றாண்டு வரை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் கொட்டியதே! அந்த வெள்ளத்தில் வீடிழந்த தாயைப் பார்க்க ஒரு சிப்பாய் பத்து நாள் தங்கிவிட்டால், அது தக்க காரணமா இல்லையா? முதலில் முடிவு செய்பவர் அவனுடைய கமாண்டிங் ஆபீசர்.

கடமையிலிருக்கும் மேலதிகாரியைச் சிப்பாய் அடித்தால் பதினான்கு ஆண்டு வரை சிறை. மேலதிகாரி சிப்பாயை அடித்தால்? ஏழாண்டு வரை! அடி ஒன்றுதான், தராசு இரண்டு.

எல்லாவற்றுக்கும் மேலானது 'சுருக்க ராணுவ கோர்ட்'. இதில் கமாண்டிங் ஆபீசர் ஒருவரே கோர்ட். கூட இருவர் உட்கார்ந்திருப்பார்கள்; தீர்ப்பில் அவர்களுக்குப் பங்கில்லை. அவர் லெப்டினண்ட் கர்னல் அல்லது அதற்கு மேற்பட்டவரானால் ஓராண்டு வரை சிறை விதிக்கலாம், வேலையை விட்டும் நீக்கலாம். இந்தக் கோர்ட்டில் அதிகாரிகளை விசாரிக்க முடியாது, சுபேதாரைக்கூட முடியாது. சாதாரணச் சிப்பாய்க்கும் ஹவில்தாருக்கும் மட்டுமே இந்தப் 'பாக்கியம்'! விமானப்படைச் சட்டத்திலோ இத்தகைய கோர்ட்டே கிடையாது.

ரஞ்சித் தாக்கூர் என்ற சிக்னல் படைச் சிப்பாய்க்கு நேர்ந்ததைக் கேளுங்கள். தம் அதிகாரி கொடுமை செய்கிறார் என்று மேலிடத்துக்கு மனுப் போட்டார். முறை தவறி மனுச் செய்ததாக அந்த அதிகாரியே 28 நாள் கடுங்காவல் விதித்தார். காவலில் இருந்தபோது 1985 மே மாதத்தில், 'சாப்பிடு' என்ற உத்தரவை மீறிச் சாப்பிட மறுத்தார் என்று அடுத்த குற்றச்சாட்டு. விசாரித்த குழுவில் அதே அதிகாரி! ஓராண்டுச் சிறை, வேலை நீக்கம். 1987-ல் சுப்ரீம் கோர்ட் இதை ரத்து செய்தது. பாரபட்சம் என்றது, குற்றத்துக்குச் சற்றும் பொருந்தாத தண்டனை என்றது, சம்பளப் பாக்கியோடு திரும்ப வேலையில் சேர்க்கச் சொன்னது. அவசரம் இருந்தாலன்றி இந்தச் சுருக்கக் கோர்ட்டைக் கூட்டக் கூடாது என்று 2016-லும் சுப்ரீம் கோர்ட் கூறியது.

மில் தொழிலாளிக்குச் சங்கம் உண்டு. முதலாளி சார்ஜ் ஷீட் கொடுத்தால் கேட்க நாலு பேர் உண்டு. சிப்பாய்க்குச் சங்கம் இல்லை. அரசியல் சட்டத்தின் 33-வது ஷரத்து அவன் உரிமைகளைக் குறைக்கப் பார்லிமெண்டுக்கு இடம் கொடுக்கிறது. பத்திரிகையில் பேசவும் அவனுக்குத் தடை. ஆகவே அவனுக்காக நாம்தான் பேச வேண்டும்.

படைக்குக் கட்டுப்பாடு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. காவலில் தூங்குகிறவனால் பக்கத்திலிருப்பவன் உயிர் போகும். ஆனால் கட்டுப்பாடு வேறு, அடிமைத்தனம் வேறு. 1946 பிப்ரவரி 18-ல் பம்பாயில் கடற்படைச் சிப்பாய்கள் வேலைநிறுத்தம் செய்ததற்கு மோசமான சோறும் அதிகாரிகளின் வசவும் காரணங்கள் அல்லவா? குறை கேட்க வழியில்லாத இடத்தில்தான் கட்டுப்பாடு உடைகிறது.

2007-ம் வருடச் சட்டத்தால் ராணுவத் தீர்ப்பாயம் வந்தது. அதன் கிளை சென்னையிலும் இருக்கிறது. இது முன்னேற்றமே. ஆனால் சுருக்கக் கோர்ட் மூன்று மாதத்துக்கு உட்பட்ட சிறை விதித்தால் அங்கே செல்ல முடியாது. லீவுப் பிரச்னையும் அதன் வரம்புக்கு வெளியே.

எனவே நாம் கோருவது: சுருக்க ராணுவ கோர்ட் ஒழிய வேண்டும். குற்றம் சாட்டிய அதிகாரியே தீர்ப்பு வழங்கக் கூடாது. சிறிய தண்டனைக்கும் அப்பீல் வேண்டும். அடிக்கும் அதிகாரிக்கும் அடிக்கும் சிப்பாய்க்கும் ஒரே தராசு வேண்டும்.

பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்பிய பெற்றோருக்கு ஒரு வார்த்தை. லீவு நீள நேர்ந்தால் உடனே எழுத்து மூலம் தெரிவிக்கச் சொல்லுங்கள். டாக்டர் சீட்டையும் கிராம அதிகாரி சான்றையும் பத்திரப்படுத்துங்கள். தண்டனை என்று செய்தி வந்தால் விதியென்று ஒடுங்காதீர்கள். தீர்ப்பின் நகலைக் கேளுங்கள், வக்கீலைப் பாருங்கள். எல்லையில் நிற்பவன் உழைப்பாளி வீட்டுப் பிள்ளை. அவனுக்கு நீதி கேட்பது உழைப்பாளிகளின் கடமை!