டொமைன் வித்த காசுல உங்க கைக்கு எவ்வளவு வரும்?

"900 ரூபாய்க்கு வாங்கின டொமைனை ஒன்றரை லட்சத்துக்கு வித்தேன்" மாதிரியான வீடியோக்கள் இப்ப நிறைய வருது. டொமைன் வாங்கி விக்கிறது நியாயமான தொழில்தான். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ஆனா வரி பத்தி கேட்டா, "ஐடிஆர்-1ல இதர வருமானம்னு போட்டுடுங்க" என்பதோட முடிச்சுடுறாங்க. சம்பளக்காரங்களுக்கு இது எவ்வளவு செலவு வைக்கிற ஆலோசனைன்னு ஒரு கணக்கு போட்டுப் பாக்கலாம்.

உங்க ஆண்டுச் சம்பளம் 12.75 லட்சம், புதிய வரிமுறைன்னு வெச்சுக்கோங்க. 75,000 ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் போக 12 லட்சம். 2025-26 நிதியாண்டுக்கு ரிபேட் இருக்கிறதால வரி பூஜ்யம்.

அந்த ஏப்ரல்ல 50 டொமைன் வாங்குறீங்க. தலா 900 ரூபாய், மொத்தம் 45,000. அதுல ஒண்ணு 1.5 லட்சத்துக்குப் போகுது. விற்பனைத் தளத்துக்கு 20% கமிஷன்னா 30,000. மீதி 49-க்கு ஆள் வரலை. அடுத்த ஏப்ரல்ல அதெல்லாம் காலாவதி, நீங்க புதுப்பிக்கவும் போறதில்லை. ஆக, மார்ச் 31 அன்னிக்கு அதோட மதிப்பு பூஜ்யம். உண்மையான லாபம் 75,000 ரூபாய்.

இப்ப வரிக்குரிய வருமானம் 12.75 லட்சம். 12 லட்சத்தைத் தாண்டினதும் ரிபேட் போயிடும். மார்ஜினல் ரிலீஃப் கிடைக்கிறது ஏறத்தாழ 12.7 லட்சம் வரைதான். ஸ்லாப்படி வரி 71,250, அதோட 4% செஸ் 2,850. மொத்தம் 74,100. 75,000 லாபத்துல உங்க கைல நிக்கிறது 900 ரூபாய், அதாவது இன்னொரு டொமைன் வாங்குற காசு!

இதையே செலவு எதையும் கழிக்காம 1.5 லட்சத்தையும் இதர வருமானம்னு போட்டா வரி 85,800. லாபத்தைவிட வரி 10,800 அதிகம். பக்க வருமானம்னு ஆரம்பிச்சு, சம்பளத்துல இருந்து எடுத்துக் கட்டுற நிலைமை.

அதனால என் கருத்து இதுதான்: திரும்பத் திரும்ப வாங்கி விக்கிறீங்கன்னா, முதல் ரூபாயில இருந்தே அதை வியாபாரமா நடத்துங்க. வாங்கின விலை, கமிஷன், விக்கிற பெயர்களுக்குக் கட்டின புதுப்பிப்புக் கட்டணம் எல்லாத்துக்கும் பில் வெச்சுக்கோங்க. ஐடிஆர்-1 செல்லாது, ஐடிஆர்-3 போடணும். மார்ச் 31 அன்னிக்கு விக்கிற நிலையில கைல இருக்கிற டொமைன்கள் கையிருப்பு. அதோட விலையை அந்த வருஷமே செலவா காட்ட முடியாது.

"44ஏடி-ல 6% லாபம் காட்டினா போதாதா சார்?" இந்தக் கேள்வி கண்டிப்பா வரும். வங்கி வழியா வந்த பணத்துக்கு 6% என்பது குறைந்தபட்சம். விற்பனையில பாதி லாபமா நிக்கிறது உங்க வங்கிக் கணக்கிலேயே தெரியும்போது 6% மட்டும் காட்டுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். நாளைக்கு நோட்டீஸ் வந்தா பதில் சொல்ல வேண்டியது நீங்கதான்.

இன்னும் சில விஷயங்கள்:

1. டிடிஎஸ் போக கட்ட வேண்டிய வரி 10,000 அல்லது அதுக்கு மேல வந்தா அட்வான்ஸ் டாக்ஸ் உண்டு. மேலே சொன்ன ஆளுக்கு ஆபீஸ்ல டிடிஎஸ் பூஜ்யம்தான். 74,100-ஐயும் அவரேதான் கட்டணும். தாமதமானா மாசம் 1% வட்டி.

2. ஒரு டொமைனும் விக்காம நஷ்டம் வந்தா, அதைச் சம்பளத்துல கழிக்க முடியாது. ஆனா ரிட்டர்னைக் கெடுவுக்குள்ள போட்டா 8 வருஷம் வரை அடுத்தடுத்த வியாபார லாபத்துல கழிச்சுக்கலாம். "ஒண்ணும் சம்பாதிக்கலையே, எதுக்கு காட்டணும்"னு விடுறவங்க இழக்கிறது இதைத்தான்.

3. வியாபார வருமானம் வந்துட்டா, வருஷா வருஷம் பழைய வரிமுறை, புதிய வரிமுறைன்னு மாத்திக்கிற சுதந்திரம் போயிடும். பழையதுக்குப் போக ஃபார்ம் 10-ஐஇஏ தரணும். ஒருமுறை புதியதுக்குத் திரும்பிட்டா, வியாபார வருமானம் இருக்கிற வரை மறுபடி பழையதுக்குப் போக முடியாது. வீட்டுக் கடன், எச்ஆர்ஏ இருக்கிறவங்க இதை முதல்லயே யோசிங்க.

விதிவிலக்கு ஒண்ணு உண்டு. சொந்த பிளாக்குக்கு வாங்கி, 24 மாசத்துக்கு மேல வெச்சிருந்த ஒரே டொமைனை யாரோ கேட்டாங்கன்னு வித்தா, அது பெரும்பாலும் மூலதன ஆதாயம்தான். நீண்டகாலம் என்பதால வரி 12.5%. ஆனா 50 டொமைன் வெச்சுக்கிட்டு "எல்லாமே முதலீடு"ன்னு சொன்னா எடுபடாது.

எல்லாருக்கும் 900 ரூபாய்தான் மிஞ்சும்னு சொல்லலை. சம்பளம் 11 லட்சம்னா இதே 75,000-க்கு வரி பூஜ்யம். ஏற்கனவே 15% ஸ்லாப்ல இருந்தா செஸ்ஸோட 11,700 போகும். 12.75 லட்சத்தை ஒட்டி இருக்கிறவங்களுக்குத்தான் அடி பலமா விழும். அதனால அடுத்த முறை வாங்குறவர் விலை கேட்டா, உடனே ஒரு தொகையைச் சொல்லிடாதீங்க. இந்த வருஷச் சம்பளத்தோட அதைக் கூட்டிப் பாருங்க. மார்ச் மாசமா இருந்தா, பேரத்தை ஏப்ரலுக்குத் தள்ள முடியுமான்னும் பாருங்க. அதுக்கு அப்புறம் விலை பேசலாம்.