பாறை உடைப்போர்க்கும் பாடம் வேண்டும்

முல்லைப் பெரியாற்று நீரால் வாழும் கம்பம் பள்ளத்தாக்கு மக்களாகிய நாம் ஒரு சுரங்கத்தின் பயனாளிகள் எனின் அது மிகையன்று. 1895ஆம் ஆண்டில் நிறைவுற்ற பென்னி குயிக்கின் திட்டத்தில், மேற்கே ஓடிய நீரைக் கிழக்கே திருப்புவதற்கு மலையின் ஊடே ஏறத்தாழ 5,700 அடி நீளத்திற்குப் பாறை குடையப்பட்டது. அப்பெருமகனாருக்குப் பொங்கலிட்டு நன்றி செலுத்துகிறோம், நன்று. பாறை குடைவோரின் கல்வியைப் பற்றி மட்டும் நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

பாறையோடு போராடும் தொழில் இன்றும் தேனி மாவட்டத்துக் கல்குவாரிகளில் உண்டு. வெடிவைத்துக் கல்லெடுக்கும் குவாரியும் 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின்படி சுரங்கமாகவே கருதப்பட்டது. புதிதாகச் சேர்பவரைப் பயிற்சி அளித்த பின்னரே பணியில் அமர்த்த வேண்டும் என்பது 1966ஆம் ஆண்டுத் தொழிற்பயிற்சி விதிகள் வகுத்த நெறி. வெடிவைப்பவர் தகுதிச் சான்று பெற்றிருத்தலும் வேண்டும். ஏட்டிலுள்ள இவ்விதிகளில் எத்தனை குவாரிக்குள் நுழைந்துள்ளன என்பதை அதனருகில் வாழ்வோர் அறிவர்.

மூத்தவர் கையைப் பார்த்துத் தொழில் பழகும் இளைஞன் அவருடைய பிழைகளையும் சேர்த்தே பழகுகிறான். வெடிக்காத தோட்டா தங்கிய குழியில் மீண்டும் துளையிடலாகாது. அடிப்பாறையைக் குடையாமல், மேலிருந்து படிப்படியாக வெட்டி இறங்குதல் வேண்டும். துளையிடுகையில் நீர் விட்டால் தூசி அடங்கும். இவற்றைக் கற்கப் பட்டம் வேண்டுவதில்லை. சில வாரப் பயிற்சி போதும். கல்தூசி படிந்து நுரையீரல் தழும்பேறிய பின்னரோ, அந்த சிலிக்கோசிஸ் நோயை முற்றும் குணப்படுத்தும் மருந்தே இல்லை.

1926இல் தன்பாத்தில் தொடங்கிய சுரங்கக் கல்விக்கூடமும், கிண்டிப் பொறியியற் கல்லூரியின் சுரங்கப் பொறியியல் துறையும் பொறியாளரை உருவாக்குவன. துளைக்கருவி பிடிப்பவனுக்குரிய பாடம் வேறு. அது அவனுடைய தமிழில் இருத்தல் வேண்டும்.

பொட்டிபுரம் மலையில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015இல் மத்திய அமைச்சரவை இசைவளித்தபோது, ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் சுரங்கப்பாதை பற்றிப் பெரும் வாதம் எழுந்தது. மக்கள் அஞ்சினர், அறிவியலார் அஞ்ச வேண்டா என்றனர். வெடியதிர்வை அளக்கத் தெரிந்தவர் ஊருக்கு ஒருவர் இருந்திருப்பின், அவ்வச்சம் கூரிய வினாக்களாகியிருக்கும். விடை எதுவாயினும் ஆகுக.

வியர்வை உலருமுன் கூலி தருக என்னும் நெறியைப் போற்றுவோர் நாம். அவ்வியர்வையில் படியும் கல்தூசியையும் எண்ண வேண்டாவா? பாறைத் தொழிலுக்கான எளிய தமிழ்க் கையேடு ஒன்றை நம் தமிழ்த்துறையே தொகுக்கலாம். குவாரிகளில் வழங்கும் சொற்களைத் தொழிலாளரிடமே கேட்டுத் திரட்டலாம். சான்று பெற்ற வெடிப்பாளர் ஒருவரை அழைத்து மாலை வகுப்பு நடத்தக் கல்லூரி வகுப்பறைகள் மாலையில் காலியாகவே உள்ளன.