'அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா' மேனேஜர்களே... உஷார்!

திண்டுக்கல்:

'சூப்பர்வைசர் தொல்லை தாங்கலை சார்' என்று போய் நின்றால், 'அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா, போய் வேலையைப் பாரு' என்று திருப்பி அனுப்பும் மேனேஜர்கள் நிறைய பேர். தொல்லையை முளையிலேயே கிள்ளாவிட்டால் எதில் போய் முடியும் என்பதற்கு திண்டுக்கல் ஒரு பாடம்.

2021 ஜனவரியில் இந்த மாவட்டத்து ஆயத்த ஆடை கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த இளம்பெண் கொலை செய்யப்பட்டார். கைதானவர் அவருடைய சூப்பர்வைசர். அதன்பிறகுதான் கூட வேலை பார்த்த பெண்கள் பலர், தாங்களும் பட்ட தொல்லையை வாய் திறந்து சொன்னார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

2013-ம் ஆண்டு சட்டப்படி, 10 பேர் வேலை பார்த்தாலே உள் புகார் குழு கட்டாயம். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப்பேராவது பெண்கள். வெளியாள் ஒருவரும் வேண்டும். குழு அமைக்காத முதலாளிக்கு 50 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்து மூலம் புகார் தரலாம். எழுதத் தெரியாதவர்களுக்கு குழுவே உதவ வேண்டும். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும்.

சின்ன கடை, வீட்டு வேலை பார்ப்பவர்கள், முதலாளி மீதே புகார் உள்ளவர்கள் மாவட்ட அளவிலான உள்ளூர் குழுவிடம் போகலாம்.

மேனேஜர் செய்ய வேண்டியது

புகார் வந்ததும் சமரசம் பேசி அமுக்காமல் குழுவுக்கு அனுப்ப வேண்டும். பெண்ணின் பெயர் வெளியே கசியக்கூடாது. அவர் எழுதிக் கேட்டு குழு சிபாரிசு செய்தால், விசாரணை முடியும் வரை இடமாற்றமோ 3 மாதம் வரை லீவோ தர வேண்டும். 'நிரூபிக்கலைன்னா உன் மேலதான் கேஸ்' என்று மிரட்டுவது செல்லாது. நிரூபிக்க முடியாததாலேயே அது பொய்ப் புகார் ஆகிவிடாது என்று சட்டமே சொல்கிறது.

வழி காட்டிய ஒப்பந்தம்

கொலைக்குப் பிறகு பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் கம்பெனி நிர்வாகத்தோடு ஒப்பந்தம் போட்டது. துணி வாங்கும் வெளிநாட்டு கம்பெனிகளும் கையெழுத்து போட்டன. தொழிலாளர்களிலேயே சிலருக்கு பயிற்சி கொடுத்து, தையல் லைனிலேயே கண்காணிக்க வைத்தார்கள். புகார் சொன்னவரை பழிவாங்கவும் தடை. பெரும்பாலான பிரச்சினைகள் சீக்கிரமே தீர்ந்தன.

காரணம் சிம்பிள். பக்கத்து மிஷின் அக்காவிடம் சொல்ல முடிகிற விஷயத்தை ஏ.சி. ரூம் வாசலில் நின்று சொல்ல முடியாது.

'எங்க கம்பெனியில புகாரே இல்லை' என்று மார்தட்டும் மேனேஜர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். தப்பு நடக்காததால் புகார் வரவில்லையா? சொன்னால் வேலை போய்விடும் என்ற பயத்தால் வரவில்லையா?